கிணற்றடிப் பச்சை அத்தி

கீரனூர்
14.11.2022

அண்ணிக்கு அங்கம்மாள் கும்பிட்டு எழுதுவது.

இங்கே இவரைத் தவிர எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். பக்கவாதம் வந்த வலக்கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு மட்டும் பழையபடி வந்துவிட்டது, அதனால் நோய் இப்போது எங்களுக்குத்தான். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? காதுக் கருவி வாங்கியும் போனில் பேச மாட்டேன் என்கிறீர்களாம், குமார் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் குமாருடைய அத்தித் தோட்டம். போன வருடம் வரை பெட்டி பெட்டியாகப் பழம் போனது. இப்போது இலை மஞ்சளாகிறது, காய் சுண்டைக்காய் அளவிலேயே உதிர்கிறது. ஒரு மரத்தைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் முழுக்கப் பாசிமணி கோத்ததுபோல முடிச்சு. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அறிவுச்செல்வி என்ற அம்மா வந்து பார்த்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் நூற்புழுவாம், கண்ணுக்கே தெரியாதாம்.

"ஒரே மரத்துல போத்துக் குச்சி வெட்டி நட்டு நட்டுத்தானே இந்தப் பக்கம் எல்லாத் தோட்டமும் வந்திருக்கு? பார்க்கத்தான் நூத்தி அறுபது மரம். உள்ளுக்குள்ள அது ஒரே மரம். ஒண்ணுக்கு ஆகாதது எல்லாத்துக்கும் ஆகாது. பழைய ரகம், வேற ரகம், யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார்கள்.

எனக்கு உடனே உங்கள் கன்னிவாடித் தோட்டத்துக் கிணற்றடிப் பச்சை அத்தி ஞாபகம் வந்தது. சிறுமலை அடிவாரத்தில் இடிந்து கிடந்த பங்களா முற்றத்திலிருந்து அண்ணன் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து வைத்த மரம். பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். ஒரு வருடம் மற்ற மரமெல்லாம் வாடியபோது அது மட்டும் வாடவில்லை. அண்ணன் வேரைத் தோண்டிக் காட்டினார், ஒரு முடிச்சுகூட இல்லை. அதைச் சொன்னதும் அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "அது இன்னும் இருக்குமா?" என்றார்கள். "எங்க அண்ணி தோட்டத்துல ஒரு குச்சிகூட வீணாப் போகாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

குமார் இன்னும் ஒரு முறைதான் நட்டுப் பார்ப்பானாம். இதுவும் போனால் காடு தோட்டத்தைப் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். முப்பத்தெட்டு வயதில் என் பிள்ளை போய் யாரிடம் வேலை கற்பது? நீங்கள்தான் போத்து தர வேண்டும்.

உங்கள்
அங்கம்மாள்


திண்டுக்கல்
2.12.2022

அன்புள்ள அங்கம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாப்பிள்ளையைத் தினமும் வலக்கையால் ஒரு பந்தை அழுத்தச் சொல். சோம்பல்பட்டால் சோறு போடாதே.

குமாரின் தோட்டத்தைப் பற்றி வருத்தப்பட்டேன். அந்த அம்மையார் சொன்னது சரிதான். போத்திலிருந்து வந்த மரம் தாய்மரத்தின் மகள் இல்லை, தாயேதான். அது பலத்துக்கும் பொருந்தும், குறைக்கும் பொருந்தும்.

இப்போது போத்து வெட்டக் கூடாது. இலை உதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும்போதுதான் வெட்ட வேண்டும். தை பிறக்கட்டும். அதுவரை குமாரைப் புதிதாக எதையும் நட வேண்டாம் என்று சொல்.

தோட்டம் நீ கடைசியாகப் பார்த்தபடி இல்லை. கிணற்றுப் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறேன். மொக்கைச்சாமிதான் இன்னும் காவல். அவனும் கிழவனாகிவிட்டான், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.
மாலதி


கீரனூர்
28.12.2022

அண்ணிக்குக் கும்பிட்டு எழுதுவது.

பந்து வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் அழுத்தினார். மூன்றாம் நாள் "உங்க அண்ணி என்ன டாக்டருக்குப் படிச்சாங்களா?" என்கிறார். நீங்கள் சொன்னபடி சோறு போடாமல் இருக்க எனக்குத்தான் மனம் வரவில்லை.

தை பிறக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் கருமாதி அன்றும் நான் அந்த மரத்தில் ஒரு கிளை கேட்டேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பருவம் இல்லை, தையில் வந்து வாங்கிக்கொள் என்றீர்கள். அந்தத் தையில்தான் இவர் விழுந்துவிட்டார். என்னால் வர முடியவில்லை. போகட்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளும் மரம் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் குமார் நேரில் வருகிறேன் என்கிறான். "அம்மா, மாமா வச்ச மரத்த நானே பார்த்து வெட்டிக்கிட்டு வரேனுங்க. அத்தைக்கு எதுக்குச் சிரமம்?" என்றான். வண்டி பிடித்து வருவான். அவனுக்கு மதியம் ஒரு வாய் சோறு போடுங்கள். உங்கள் கை மீன் குழம்பை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

அங்கம்மாள்


திண்டுக்கல்
20.1.2023

அன்புள்ள அங்கம்மாளுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும். எனக்கு இங்கே சளி, இப்போது தேவலை.

குமார் வர வேண்டாம். மொக்கைச்சாமியிடம் நூற்று எண்பது போத்துகள் கொடுத்துப் பழனிப் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன். குட்டைக் கரையில் நிற்கும் மரத்தில் வெட்டியவை. எல்லாம் ஒரு சாண் நீளம், பென்சில் பருமனுக்குக் குறையாதவை. அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டியிருக்கிறேன், தலைகீழாக நட்டுவிடாதீர்கள். பால் வடிந்து காயட்டும் என்று ஒரு நாள் நிழலில் வைத்தேன். ஈரச் சாக்கை அவிழ்த்த அன்றே பைகளில் நட்டுவிட வேண்டும்.

கட்டுக்கு ஒன்றாக ஆறு அட்டைகள் எழுதிக் கட்டியிருக்கிறேன். அட்டைகளைத் தொலைக்க வேண்டாம். பள்ளியில் எங்களுக்குத் தாவரவியல் எடுத்த சிஸ்டர், பெயரும் நாளும் எழுதாத செடியைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

குமாருக்கும் யுவராணிக்கும் ஆசிகள்.
மாலதி


கீரனூர்
10.4.2023

அண்ணிக்கு அங்கம்மாள் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துக்குப் போவதானால் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.

போத்துக்கட்டு வந்த அன்று தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை வைத்து, ஆரத்தி எடுத்துத்தான் வாங்கினேன். யுவராணி சிரித்தாள். "ஏனுங்கத்தை, குச்சிக்கெல்லாம் ஆரத்தியா?" என்றாள். இது குச்சி இல்லை, என் பொறந்த வீட்டுச் சீர் என்று சொன்னேன். குமார் உங்கள் அட்டை ஒன்றை மாட்டுக்கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறான். 'கிணற்றடிப் பச்சை அத்தி, மாலதி தோட்டம், கன்னிவாடி, 19.1.2023.' அச்சடித்த மாதிரி இருக்கிறது.

நூற்று ஐம்பத்திரண்டு துளிர்த்துவிட்டன. இலையும் விரிந்துவிட்டது. அதில் ஒன்று கேட்க வேண்டும் அண்ணி, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்ணன் மரத்து இலை மூன்று விரலாகப் பிரிந்திருக்கும் என்றுதான் எனக்கு ஞாபகம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த இலையில்தான் புளி வைத்துத் தின்போம். இதில் எல்லா இலைக்கும் ஐந்து விரல் இருக்கிறது. குமாரின் பழைய மரத்துக்கும் இப்படித்தான் இருந்தது.

அட்டையில் உங்கள் கையெழுத்து இருக்கும்போது நான் கேட்கக் கூடாது. பொறந்த வீட்டிலிருந்து வந்ததைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? எனக்கும் அறுபத்தொன்பது ஆகிறது, மாற்றி நினைக்கிறேனோ என்னவோ. ஆனி கடைசியில்தான் காட்டில் நடுகிறான். அதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்.

அங்கம்மாள்


திண்டுக்கல்
16.4.2023
(அனுப்பாதது)

அன்புள்ள அங்கம்மாளுக்கு,

உன் ஞாபகம் சரி. மூன்று விரல்தான்.

அந்த மரம் இல்லை. உன் அண்ணன் போன மறு ஆண்டு, 2018 ஆடியில், நான்தான் பிடுங்கச் சொன்னேன். உன் அண்ணன் ஏழு ரகம் வைத்திருந்தார். எது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வரிசையும் இல்லை, இடைவெளியும் இல்லை. வாங்க வந்த வியாபாரி, பச்சைப் பழம் கலந்த பெட்டியைக் காய் என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்றான். ஒரு தோட்டம், ஒரு ரகம், ஒரே மாதிரிப் பெட்டி என்று முடிவு செய்தேன். ஆறு ரகத்தையும் எடுத்தேன். குட்டை வெட்ட வந்த இயந்திரமே பச்சை அத்தியையும் எடுத்தது. மொக்கைச்சாமி குறுக்கே வந்து நின்றான். "ஐயா வச்ச மரம்மா. ஓரமா நின்னுட்டுப் போவுது. நம்மள சோறா கேக்குது?" என்றான். வரிசை கெடுகிறது என்று சொன்னேன்.

உன் முதல் கடிதம் வந்தபோதே இதை எழுதியிருக்க வேண்டும். ஒரு குச்சிகூட வீணாகாது என்று நீ அந்த அம்மையாரிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் பல தடவை படித்தேன். அதற்குப் பிறகு எழுத வரவில்லை.

தையில் மொக்கைச்சாமி குட்டைக் கரையில் ஒரு புதரைக் காட்டினான். "அம்மா, இது அந்தப் பழைய வேருல இருந்து தளைச்சதாத்தேன் இருக்கும். இம்புட்டு நாளா நாமதேன் பாக்கல" என்றான். இலை ஒன்றும் இல்லை, வெறும் குச்சி. 'இருக்கும்' என்றுதான் அவன் சொன்னான். நான் அட்டையில் அந்தச் சொல்லை எழுதவில்லை. மார்ச்சில் அந்தப் புதரில் இலை விட்டது. ஐந்து விரல். கரையில் கொட்டிய மண்ணோடு வந்த தோட்டத்து மரத்தின், குமாரிடம் இருக்கும் அதே ரகத்தின், கிளைதான் அங்கே வேர்பிடித்திருக்கிறது.

கருமாதி அன்று நீ கிளை கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பருவம் தவறிய போத்திலும் பத்துக்கு இரண்டு பிழைக்கும். அது அன்றும் எனக்குத் தெரியும். முறையாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

பள்ளியில் சனிக்கிழமை தோறும் கிறிஸ்தவப் பிள்ளைகள், செய்த தவறைப் பாதிரியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் நாங்கள் வெளியே நின்று, இரண்டு நிமிட வேலைக்கு ஏன் இப்படி முகம் வெளுக்கிறார்கள் என்று கேலி பேசுவோம்.

குமாரை நட வேண்டாம் என்று சொல்.

மாலதி


திண்டுக்கல்
11.6.2023

அன்புள்ள அங்கம்மாளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் எழுதவோ படிக்கவோ கூடாது என்றார்கள். இப்போது பரவாயில்லை, சுவரில் இருக்கும் பல்லிகூடத் தெளிவாகத் தெரிகிறது. மாப்பிள்ளை கையை அசைக்கிறாரா?

போத்துகள் இவ்வளவு பிழைத்ததில் மகிழ்ச்சி. பைகளில் தண்ணீர் தேங்கக் கூடாது.

இலையைப் பற்றி எழுதியிருந்தாய். அத்தியின் இளஞ்செடியில் இலை ஒரே வடிவத்தில் வராது. எந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும்.

இந்த ஆண்டு மழை எப்படி? கன்னிவாடியில் இரண்டு நல்ல மழை.

ஆசிகளுடன்,
மாலதி


கீரனூர்
5.7.2023

அண்ணிக்குக் கும்பிட்டு எழுதுவது.

கண் தெளிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் இலையைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மனம் இறங்கியது. நானே குழம்பி, குமாரையும் குழப்பிவிட்டிருந்தேன்.

அறிவுச்செல்வி அம்மா பத்துச் செடி மட்டும் முதலில் நடச் சொன்னார்கள். அதே மண்ணில் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். குமாரும் தலையாட்டினான். நான்தான் குறுக்கே புகுந்தேன். "எங்க அண்ணி அட்டை எழுதிக் கொடுத்திருக்காங்க, அப்புறம் என்னங்க பரிசோதனை?" என்றேன். குமார் சிரித்துவிட்டான். "ஆமாங்க. எங்க அத்தை மளிகைச் சீட்டுலகூட ஒரு எழுத்து அடிச்சு எழுத மாட்டாங்க" என்றான்.

நேற்று நூற்று ஐம்பத்திரண்டையும் நட்டுவிட்டோம். இவரையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் உட்கார வைத்தோம். வரிசையைப் பார்த்து, "உங்க அண்ணி பார்த்தா ஒரு கொறையும் சொல்ல முடியாது" என்றார்.

அங்கம்மாள்


கீரனூர்
18.2.2024

அண்ணிக்கு அங்கம்மாள் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

செடிகள் போய்விட்டன. கார்த்திகையில் மஞ்சள் கண்டது. சத்துக் குறைவு என்று நினைத்தோம். தையில் பிடுங்கிப் பார்த்தால் அதே முடிச்சு. அறிவுச்செல்வி அம்மா இலையைக் கையில் விரித்துப் பார்த்துவிட்டு, இது பழைய ரகமேதான், வேறு இல்லை என்றார்கள். அவர்கள் போன பிறகு குமார் கொட்டகைத் தூண் பக்கம் போனான். அட்டையை எடுக்கவில்லை.

உங்களை அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அத்தை மாமா மரத்துலதான் வெட்டிக் குடுத்திருப்பாங்க. மாமா மரமே இந்த ரகமாத்தான் இருந்திருக்கும். நீங்கதான் பச்சைப் பழம், மூணு வெரல்னு எதையோ நெனச்சுக்கிட்டிருக்கீங்க" என்கிறான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் என்னைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு நாள் பால் பொங்கிவிட்டது. எல்லார் வீட்டிலும் பொங்குகிறதுதானே? இப்போது யுவராணி என்னை அடுப்புப் பக்கம் தனியாக விடுவதில்லை. காஸை அடியில் மூடி வைத்துவிட்டுத்தான் வெளியே போகிறாள். பழனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். சரியாகத்தான் வரைந்தேன் என்று நினைக்கிறேன்.

குமார் மாசிக் கடைசியில் திருப்பூர் போகிறான். காட்டைக் குத்தகைக்குப் பேசிவிட்டான்.

எனக்கு நீங்கள் ஒன்றே ஒன்று எழுதுங்கள். அந்த மரத்தில் பழம் பச்சைதானே? இலைக்கு மூன்று விரல்தானே? அண்ணன் வேரைத் தோண்டி நமக்குக் காட்டினார்தானே? இல்லை என்றாலும் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

அங்கம்மாள்


திண்டுக்கல்
1.3.2024

அங்கம்மாள்,

பழம் பச்சைதான். இலைக்கு மூன்று விரல்தான். உன் அண்ணன் வேரைத் தோண்டிக் காட்டினார். அன்று நீ நீலக் கண்டாங்கி கட்டியிருந்தாய், வேரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மண்ணை என் மேல் தட்டினாய். உன் நினைவில் ஒரு பிழையும் இல்லை.

இத்துடன் போன ஏப்ரலில் நான் எழுதிய கடிதம் இருக்கிறது. தபால்தலை ஒட்டி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். தேதியை மாற்றவில்லை. நீங்கள் நடுவதற்கு எண்பது நாளுக்கு முன் எனக்கு எல்லாம் தெரியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜூனில் இலையைப் பற்றி நான் எழுதியது புத்தகத்தில் இருக்கும் உண்மை. அதை உன்னிடம் பொய்யாகப் பயன்படுத்தினேன்.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த மறுநாள் மொக்கைச்சாமியோடு வண்டி வைத்துச் சிறுமலை அடிவாரத்துக்குப் போனேன். பங்களா இருந்த இடத்தில் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் சிமென்ட் தளம். சுற்றி நான்கு ஊரில் விசாரித்தோம். நாட்டு அத்தி நிற்கிறது, காட்டத்தி நிற்கிறது. அந்த மரம் எங்கும் இல்லை. அது நம் தோட்டத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அன்று ஒரு கிளை கொடுத்திருந்தால் உன்னிடமும் இருந்திருக்கும்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

மாலதி


கீரனூர்
20.3.2024

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. இரண்டையும் படித்தேன்.

ஏப்ரலில் நான் எழுதியது சந்தேகம் இல்லை அண்ணி, கேள்வி. சீர் என்று வாங்கியதால் கேள்வி மாதிரிக் கேட்க முடியவில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று இருந்தேன். நீங்களும் புரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். தபால்பெட்டி உங்கள் தெருமுனையில்தானே இருக்கிறது?

குமாரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். உங்களுக்குப் பிள்ளை இல்லை, நாளைக்கு உங்களுக்கும் அவன்தான் வந்து நிற்க வேண்டும். மண் கெட்டுப்போனது என்றும், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டான். அப்படியே இருக்கட்டும். என் ஞாபகம் சரி என்று எனக்குத் தெரிந்தால் போதும். உங்களுக்கு நாலு பேரிடம் ஒரு பெயர் இருக்கிறது. அது இல்லாமல் உங்களால் இருக்க முடியாது. நான் இருந்துவிடுவேன்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் போட வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கம்மாள்


திண்டுக்கல்
27.3.2024

பழனிக்குமாருக்கு,

உன் திருப்பூர் விலாசத்தை யுவராணியிடம் போனில் கேட்டு வாங்கினேன். பாவம், அவள் நான்கு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

உன் அம்மாவுக்கும் எனக்கும் இடையில் நடந்த கடிதங்களில் என்னுடைய இரண்டுக்கு, அனுப்புமுன் எடுத்து வைத்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் ஏப்ரல் 2023 என்று தேதி இருப்பதைப் படி, பிறகு மார்ச் மாதத்துக் கடிதத்தைப் படி. நடந்தது எல்லாம் அவற்றில் இருக்கிறது. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். உன் மாமா வைத்த பச்சை அத்தியை நான் அழித்தேன். அது இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு போத்துக்கு அதன் பெயரை எழுதி உனக்கு அனுப்பினேன். தவறு என்று தெரிந்த பிறகு நீ நடும்வரை வாயைத் திறக்கவில்லை. உன் மண்ணில் ஒரு குறையும் புதிதாக வரவில்லை. உன் அம்மா நினைவிலும் குறை இல்லை. அந்த அட்டையில்தான் குறை, அது என் கையெழுத்து.

அம்மா இதை உனக்குச் சொல்ல மாட்டாள். எனக்காகத் தன்னை மறதிக்காரி என்று நீ நினைப்பதைப் பொறுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை அவள் விருப்பத்துக்கு மாறாகத்தான் எழுதுகிறேன். அறிவுச்செல்வி அம்மையாருக்கும் தனியாக எழுதிவிட்டேன். ஒரு ரகம் எப்படிப் போனது என்று அவர் நோட்டில் சரியாக இருக்க வேண்டும்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. நாளை எனக்கு ஒன்று என்றால் வருவதும் வராததும் உன் இஷ்டம். மொக்கைச்சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உன்னை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் வீட்டுக்குப் போன் போடு. அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் யுவராணியிடம் பேசு. இனி அந்த காஸை அம்மாவே திறந்து, அம்மாவே அடுப்பைப் பற்றவைக்கட்டும் என்று சொல்.

மாலதி